போர்க்காலச் சரக்குக் கப்பல் கான்வாய்களும் நீர்மூழ்கிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது பெரும்பாலும் இரண்டாம் உலகப் போரின் அட்லாண்டிக் கடல். 1939 செப்டம்பர் 3 அன்று, பிரிட்டன் போர் அறிவித்த சில மணி நேரத்திலேயே அதீனியா என்ற பயணிகள் கப்பலை ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. அன்று தொடங்கிய சண்டை 1945 மே மாதம் ஜெர்மனி சரணடையும் வரை ஓயவில்லை. முதல் உலகப் போரும் இந்தியப் பெருங்கடலும் தேவைப்படும் இடத்தில் வரும்.

கான்வாய் என்றால் என்ன?

பல சரக்குக் கப்பல்கள் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே வேகத்தில் அணிவகுத்து, போர்க்கப்பல்களின் காவலோடு கடல் கடப்பது. பிரிட்டன் ஒரு தீவு. உணவில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வந்தது. எண்ணெய் கிட்டத்தட்ட முழுவதுமே கப்பலில்தான் வந்தது. கப்பல் வராவிட்டால் ரொட்டியும் கிடையாது, விமானமும் பறக்காது. ஜெர்மனிக்கும் இது தெரியும். அதனால்தான் நீர்மூழ்கிகள் போர்க்கப்பல்களை விட்டுவிட்டுச் சரக்குக் கப்பல்களைத் தேடி அலைந்தன.

எல்லாக் கப்பல்களையும் ஒரே இடத்தில் சேர்த்தால் எதிரிக்கு வசதியாகிவிடாதா?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். அனுபவம் மிக்க கடற்படை அதிகாரிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தலைகீழாக இருக்கிறது.

நீர்மூழ்கியின் கோபுரத்தில் நிற்பவனுடைய கண், தண்ணீர் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். தெளிவான பகலில் ஒரு கப்பலின் புகையைப் பத்துப் பதினைந்து கடல் மைல் தூரத்தில் அவன் பார்க்கலாம் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது கப்பல்கள் சேர்ந்து போனாலும் அந்தக் கூட்டத்தின் அகலம் நான்கைந்து மைல்தான். ஆகவே கூட்டம் கண்ணில் படும் வட்டம், ஒற்றைக் கப்பல் கண்ணில் படும் வட்டத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அதே நாற்பதும் தனித்தனியாகப் போனால் கடலெங்கும் நாற்பது வட்டங்கள். நீர்மூழ்கி சும்மா காத்திருந்தாலே போதும், ஒன்றன் பின் ஒன்றாக வந்து மாட்டும். கான்வாய் என்றால் அந்த நாற்பது வாய்ப்பும் ஒரே வாய்ப்பாகச் சுருங்குகிறது. அது தவறிவிட்டால் பல நாட்களுக்குக் கடல் வெறிச்சோடிக் கிடக்கும். உண்மையில் பெரும்பாலான கான்வாய்களை எந்த நீர்மூழ்கியும் பார்க்கவே இல்லை.

சரி, பார்த்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஜெர்மனி அதிகம் கட்டிய ஏழாம் வகை நீர்மூழ்கியில் 14 டார்பிடோக்கள் (நீருக்குள் பாய்ந்து போய் வெடிக்கும் குண்டுகள்) இருக்கும். ஏவும் குழாய்கள் ஐந்துதான். மறுபடி நிரப்ப நேரம் பிடிக்கும். எதிரே நாற்பது கப்பல் இருந்தாலும் நான்கைந்துக்கு மேல் அடிப்பது அபூர்வம். அதற்கும் அது போர்க்கப்பல்கள் சூழ்ந்து நிற்கிற இடத்துக்கே வந்தாக வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. பேட்ரிக் பிளாக்கெட் என்ற இயற்பியலாளர் தலைமையில் ஒரு குழு பிரிட்டிஷ் கடற்படைக்காகப் புள்ளிவிவரங்களை அலசியது. பெரிய கான்வாய்களில் இழப்பு விகிதம் சின்னக் கான்வாய்களில் இருந்ததில் பாதிக்கும் குறைவு என்று தெரியவந்தது. காரணம் எளிது. வயலின் பரப்பு நான்கு மடங்கானாலும் வேலியின் நீளம் இரண்டு மடங்குதான் ஆகும். காவல் கப்பல்கள் காப்பதும் வேலியைத்தான். 1943க்குப் பிறகு கான்வாய்கள் பெருத்துக்கொண்டே போயின. 1944 கோடையில் எச்.எக்ஸ். 300 என்ற கான்வாயில் 160க்கும் மேற்பட்ட கப்பல்கள் சென்றன. ஒன்றுகூட மூழ்கவில்லை.

இவ்வளவு தெளிவான கணக்கு என்றால் முதல் உலகப் போரில் 1917 வரை ஏன் தயங்கினார்கள்?

1917 பிப்ரவரியில் ஜெர்மனி கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போரை, அதாவது வணிகக் கப்பல்களையும் எச்சரிக்காமலே மூழ்கடிப்பதை, அறிவித்தது. ஏப்ரலில் மட்டும் எட்டு லட்சம் டன்னுக்கு மேல் கப்பல்கள் மூழ்கின. பிரிட்டனை விட்டுக் கிளம்பும் நான்கு பெருங்கடல் கப்பல்களில் ஒன்று திரும்பவில்லை. அப்போதும் கடற்படைத் தலைமை மறுத்தது. வாரத்துக்கு 2,500 கப்பல்கள் வருகின்றன, 2,500 போகின்றன, இத்தனைக்கும் காவல் போட நம்மிடம் ஏது போர்க்கப்பல் என்றார்கள்.

ரெஜினால்ட் ஹெண்டர்சன் என்ற இளநிலை அதிகாரி அந்த எண்ணைத் தோண்டிப் பார்த்தார். கரையோரமாகப் போய்வரும் சின்னப் படகுகள், தோணிகள் எல்லாம் அதில் சேர்ந்திருந்தன. பெருங்கடல் தாண்டும் கப்பல்கள் வாரத்துக்கு 120 முதல் 140 வரைதான். அதே நேரம் பிரான்சுக்கு நிலக்கரி கொண்டுபோன கப்பல்கள் காவலோடு போய்வந்தன. அவற்றில் இழப்பு மிகமிகக் குறைவு. மே மாதம் கான்வாய் முறை சோதனையாகத் தொடங்கியது. இழப்பு படிப்படியாக இறங்கியது.

தயக்கத்துக்கு எண்கள் ஒரு சாக்குதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எதிரியைத் தேடிப் போய் அடிப்பதுதான் வீரம், சரக்குக் கப்பலுக்குக் காவல் நிற்பது மட்டமான வேலை என்ற எண்ணம் கடற்படையில் ஊறிப்போயிருந்தது. பரந்த கடலில் நீர்மூழ்கியைத் தேடுவது வெறும் எண்ணெய்ச் செலவு. அது எங்கே வந்தே தீருமோ அங்கே நிற்பதுதான் தாக்குதல். இந்தப் பாடத்தை ஒருமுறை படித்தும் மறந்தார்கள், அமெரிக்கா பற்றிய கேள்வியில் அது வரும்.

கடலில் கான்வாய் எப்படி நகரும்? யார் சொல்வதை யார் கேட்பார்கள்?

நீளமான ஊர்வலத்தைக் கற்பனை செய்யாதீர்கள். கான்வாய் அகலமாகத்தான் போகும். 45 கப்பல் என்றால் ஒன்பது வரிசை, வரிசைக்கு ஐந்து. வரிசைக்கு வரிசை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் இடைவெளி. டார்பிடோ பெரும்பாலும் பக்கவாட்டிலிருந்து வரும் என்பதால் பக்கத்தைச் சின்னதாக வைத்தார்கள். எண்ணெயும் வெடிமருந்தும் ஏற்றிய கப்பல்கள் நடுவில்.

தலைமை இரண்டாகப் பிரிந்திருக்கும். சரக்குக் கப்பல்களுக்குத் தலைவர் கமடோர். ஓய்வுபெற்ற அட்மிரல்கள் பலர் அறுபது வயதைத் தாண்டியும் இந்த வேலைக்கு வந்தார்கள், ஒரு சாதாரணச் சரக்குக் கப்பலில் இருந்துகொண்டே மொத்தக் கூட்டத்தையும் நடத்தினார்கள். காவல் கப்பல்களுக்குத் தனியாக ஒரு கடற்படை அதிகாரி. வயதில் கமடோருக்கு மகன் போல இருந்தாலும் பாதுகாப்பு விஷயத்தில் அவர் சொல்தான் கடைசி. ரேடியோ மௌனம் கட்டாயம், பேச்செல்லாம் கொடியாலும் விளக்காலும். இரவில் ஒரு துளி வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது. குப்பையைக்கூட இருட்டிய பிறகுதான் கடலில் கொட்டுவார்கள், மிதக்கும் குப்பை வழிகாட்டிவிடும் என்பதால்.

கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து புறப்பட்ட எச்.எக்ஸ். கான்வாய்கள் ஒன்பது, பத்து நாட் வேகத்தில் போயின (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்). எஸ்.சி. வரிசை ஏழு நாட். பழைய கப்பல்களுக்கு அதற்கு மேல் முடியாது. பாய்லர் கோளாறாகிப் பின்தங்கிய கப்பலுக்காகக் கூட்டம் காத்திருக்காது. நீர்மூழ்கிகளுக்கு எளிதாகக் கிடைத்த இரை அப்படித் தனித்துப்போனவைதான்.

நீர்மூழ்கி எப்போதும் தண்ணீருக்கடியில்தானே இருக்கும்?

இல்லை. அன்றைய நீர்மூழ்கி, தேவைப்பட்டால் முங்கக்கூடிய ஒரு சிறு போர்ப்படகு, அவ்வளவுதான். ஏழாம் வகை நீர்மூழ்கி மேலே டீசலில் 17 நாட் ஓடும். அடியில் பேட்டரியில் ஏழு நாட்டுக்குச் சற்று மேல், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. மெதுவாக நான்கு நாட்டில் போனாலும் 80 கடல் மைலில் பேட்டரி தீர்ந்துவிடும். ஆகவே அடியில் இருந்துகொண்டு கான்வாயைத் துரத்துவது நடக்காத காரியம்.

அதனால் இரவில், மேலே மிதந்தபடியே தாக்கினார்கள். பிரிட்டன் நம்பியிருந்த அஸ்டிக், இன்று நாம் சோனார் என்கிறோமே அதுதான், தண்ணீருக்குள் இருப்பதைத்தான் காட்டும். மேலே மிதப்பது அதில் சிக்காது. காவலுக்கு வந்த கார்வெட் கப்பல்கள் திமிங்கில வேட்டைக் கப்பலின் அமைப்பில் அவசரமாகக் கட்டப்பட்டவை. அவற்றின் வேகம் 16 நாட், துரத்தவேண்டிய எதிரியைவிடக் குறைவு! 1940 அக்டோபரில் எஸ்.சி. 7 என்ற கான்வாயில் 35 கப்பல்கள் புறப்பட்டன. அவற்றில் 20 மூழ்கின. ஓட்டோ கிரெட்ஷ்மர் என்ற ஜெர்மன் தளபதி தன் யு-99ஐக் கப்பல் வரிசைகளுக்கு நடுவிலேயே கொண்டுபோய்ச் சுட்டார். 1941 மார்ச்சில் அவரே பிடிபட்டார்.

'ஓநாய்க் கூட்டம்' என்பது என்ன?

ஜெர்மன் நீர்மூழ்கிப் படையின் தலைவர் கார்ல் டோனிட்ஸ் வகுத்த உத்தி. நீர்மூழ்கிகள் கான்வாய் வரும் பாதைக்குக் குறுக்கே மைல் கணக்கில் இடைவெளி விட்டு வரிசையாக நிற்கும். முதலில் பார்த்தது உடனே தாக்காது. பின்தொடர்ந்தபடி தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பும். தலைமையகம் மற்றவற்றை அங்கே திரட்டும். பத்துப் பதினைந்து சேர்ந்ததும் இரவில் ஒரே நேரத்தில் பாயும்.

இதன் பலவீனம், ஓயாமல் ரேடியோவில் பேசியாக வேண்டும் என்பது. பேசுகிறவன் இருக்கும் திசையைக் கண்டுபிடிக்கும் கருவியைப் பிரிட்டன் கப்பலிலேயே பொருத்திவிட்டது. செய்தியைப் படிக்க முடியாவிட்டால்கூட எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரிந்தது. உடனே ஒரு காவல் கப்பல் அந்தத் திசையில் விரையும், நீர்மூழ்கி முங்கும், முங்கிய நீர்மூழ்கி பின்தங்கிவிடும். அதிகம் பேசப்படாத கருவி, ஆனால் செய்த வேலை பெரியது.

ஜெர்மனியின் எனிக்மா இயந்திரச் சங்கேதத்தை உடைத்ததால்தான் வென்றார்கள் என்கிறார்களே?

பாதி உண்மை. 1941 மே மாதம் யு-110 நீர்மூழ்கியிலிருந்து எனிக்மா இயந்திரமும் குறியீட்டு ஏடுகளும் கிடைத்தன. அதன்பின் ஓநாய்க் கூட்டம் எங்கே காத்திருக்கிறது என்று தெரிந்து கான்வாய்களை வளைத்து அனுப்ப முடிந்தது. ஆனால் 1942 பிப்ரவரியில் ஜெர்மனி அந்த இயந்திரத்தில் நான்காவது சக்கரத்தைச் சேர்த்ததும் டிசம்பர் வரை பிரிட்டனுக்குக் கண் தெரியவில்லை. அந்த இருட்டை நீக்கிய ஏடுகள், 1942 அக்டோபர் 30 அன்று மத்தியதரைக் கடலில் மூழ்கிக்கொண்டிருந்த யு-559க்குள் இறங்கி எடுத்தவை. அன்டனி ஃபாசன், காலின் கிரேசியர் இருவரும் உள்ளேயே மாட்டிக்கொண்டு இறந்தார்கள். டாமி பிரவுன் என்ற கேன்டீன் பையன் தப்பினான். வயது 16.

பலர் சொல்லாமல் விடுவது ஒன்று. ஜெர்மனியும் பிரிட்டனின் கான்வாய் சங்கேதத்தை நெடுநாள் படித்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் அடுத்தவன் கடிதத்தைப் பிரித்துப் படித்துக்கொண்டே நடந்த சண்டை இது.

அமெரிக்கா போரில் இறங்கியதும் நிலைமை சீரானதா?

மோசமானது. 1942 ஜனவரியில் ஒரு சில நீர்மூழ்கிகள்தான் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு வந்தன. அங்கே கான்வாய் இல்லை. கரையோர நகரங்களில் விளக்குகளும் அணைக்கப்படவில்லை, அந்த வெளிச்சத்தில் கப்பல்கள் நிழலுருவமாகத் தெரிந்தன. எண்ணெய்க் கப்பல்கள் கரையிலிருந்து பார்க்கும் தூரத்திலேயே எரிந்தன. காவல் போதாத கான்வாய் கான்வாயே இல்லாததைவிட மோசம் என்று அமெரிக்கக் கடற்படை வாதிட்டது. பிரிட்டனின் அனுபவம் நேர் எதிராக இருந்தது. மே மாதத்திலிருந்து கரையோரக் கான்வாய்கள் தொடங்கியதும் நீர்மூழ்கிகள் அங்கிருந்து கரீபியன் பக்கம் நகர்ந்துவிட்டன. 1917இன் பாடம் 25 ஆண்டு கழித்து இன்னொரு முறை, அதே விலையில்.

பி.க்யூ. 17 என்ற கான்வாய் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

கான்வாயைக் கலைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது உதாரணம். 1942 ஜூன் இறுதியில் ஐஸ்லாந்திலிருந்து சோவியத் ஒன்றியத்தின் வடதுறைமுகங்களுக்கு டாங்கிகளும் விமானங்களும் ஏற்றிய 35 கப்பல்கள் புறப்பட்டன. டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் பெரும்போர்க்கப்பல் கிளம்பிவிட்டது என்று லண்டனில் அட்மிரல் டட்லி பவுண்ட் பயந்தார். ஜூலை 4 அன்று கான்வாய் சிதற வேண்டும் என்று உத்தரவிட்டார். டிர்பிட்ஸ் அவர்கள் பக்கம் வரவே இல்லை. காவலின்றிச் சிதறிய கப்பல்களை விமானங்களும் நீர்மூழ்கிகளும் ஒவ்வொன்றாகப் பொறுக்கின. 24 கப்பல்கள் போயின.

ஒரு கப்பல் அடிபட்டால் மற்றவை நின்று காப்பாற்றுமா?

நிற்கக்கூடாது என்பது உத்தரவு. நின்ற கப்பல் அடுத்த இலக்கு. தண்ணீரில் தத்தளிப்பவர்களைப் பார்த்துக்கொண்டே கடந்து போக வேண்டும். பின்னால் வருவதற்கென்று 1941 முதல் மீட்புக் கப்பல்களைச் சேர்த்தார்கள். பழைய சிறு பயணிகள் கப்பல்கள்தான் அவை, மருத்துவர், அறுவைக் கூடம், தூக்கு வலைகளோடு. போர் முடிவதற்குள் 4,000க்கும் மேற்பட்டோரை அவை காப்பாற்றின. எல்லாக் கான்வாய்க்கும் கிடைக்கவில்லை.

வட அட்லாண்டிக் தண்ணீரில் குளிர்காலத்தில் சில நிமிடங்கள்தான் உயிர் நிற்கும். தெற்கே கதை வேறு. 1942 நவம்பரில் தனியாகப் போன பென்லோமண்ட் என்ற கப்பல் மூழ்கியபோது பூன் லிம் என்ற சீனப் பணியாளர் ஒரு தெப்பத்தில் 133 நாள் மிதந்து பிரேசில் கரையில் உயிரோடு மீட்கப்பட்டார்.

இந்தக் கப்பல்களில் இந்தியர்கள் இருந்தார்களா?

இருந்தார்கள், ஏராளமாக. பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் ஆட்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியர். லஸ்கர் என்று அழைத்தார்கள். சில்ஹெட், சிட்டகாங், பஞ்சாப், கோவா என்று பல பகுதிகளிலிருந்து வந்தவர்கள். பலருக்கு வேலை கப்பலின் அடிவயிற்றில், பாய்லர் அறையில். டார்பிடோ விழுந்தால் முதலில் தண்ணீர் புகுவது அங்கேதான். சம்பளமோ வெள்ளைக்கார மாலுமிக்குக் கிடைத்ததில் ஒரு சிறு பங்கு. 1939இல் போர் தொடங்கியதும் ஊதிய உயர்வு கேட்டுப் பல துறைமுகங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். பலரைச் சிறையில் போட்டார்கள். அப்புறம் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தார்கள்.

காசியின் பெயரைத் தாங்கிய சிட்டி ஆஃப் பெனாரஸ் 1940 செப்டம்பர் 17 இரவு மூழ்கியதைப் பிரிட்டனில் இன்றும் நினைவுகூர்கிறார்கள். குண்டுவீச்சிலிருந்து காப்பாற்றக் கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 குழந்தைகளில் 77 பேர் இறந்தார்கள். காவல் கப்பல்கள் அன்றே பிரிந்து போயிருந்தன. அதே கப்பலில் நூறுக்கும் மேற்பட்ட இந்தியக் கப்பலாட்களும் இறந்தார்கள் என்பது அந்தக் கதையில் பெரும்பாலும் ஓரமாகத்தான் வரும். எட்டு நாள் கழித்துக் கண்டெடுத்த ஒரு உயிர்காப்புப் படகில் இருந்த 46 பேரில் அதிகம் பேர் லஸ்கர்களே. இறந்த இந்திய வணிகக் கடலோடிகள் ஏறத்தாழ 6,000 பேரின் பெயர்ப் பதிவேடு மும்பையிலும் சிட்டகாங்கிலும் இருக்கிறது. லண்டன் டவர் ஹில்லில் உள்ள பெரிய நினைவுச் சின்னத்தில் அவர்களுக்கு இடமில்லை.

1943இல் எது மாறியது?

மார்ச்சில் ஜெர்மனி வெல்வதுபோலவே இருந்தது. எச்.எக்ஸ். 229, எஸ்.சி. 122 என்ற இரண்டு கான்வாய்கள் சில நாட்களில் 22 கப்பல்களை இழந்தன. பதிலுக்குப் போனது ஒரே ஒரு நீர்மூழ்கி. இரண்டே மாதத்தில் எல்லாம் புரண்டது.

ஒரே காரணம் கிடையாது. நடு அட்லாண்டிக்கில் விமானம் எட்டாத ஒரு பகுதி இருந்தது. நெடுந்தூர லிபரேட்டர் விமானங்களும் சிறு விமானந்தாங்கிகளும் அதை மூடின. இருட்டிலும் மூடுபனியிலும் மேலே மிதக்கும் நீர்மூழ்கியைக் காட்டும் நுண்ணலை ரேடார் வந்தது. ஹெட்ஜ்ஹாக் என்ற கருவி 24 குண்டுகளை முன்னோக்கி வீசியது, சோனார் தொடர்பு அறுவதற்கு முன்பே தாக்க முடிந்தது.

எனக்குப் பிடித்தது லிவர்பூலில் இருந்த ஒரு மேல்மாடி. கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற, காசநோயால் கடற்படையிலிருந்து விலக்கப்பட்ட அதிகாரி, தரையில் கோடு போட்டுச் சாக்கட்டியும் பொம்மைக் கப்பல்களும் வைத்துத் தாக்குதல்களை மறுபடி ஆடிப் பார்த்தார். உடன் இருந்தவர்கள் கடற்படையின் பெண்கள் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள், பலருக்கு இருபது வயதுகூட இருக்காது. நீர்மூழ்கி வெளியிலிருந்து சுடுவதில்லை, பின்புறமாகக் கான்வாய்க்குள் நுழைந்து சுடுகிறது என்று அங்கேதான் தெளிந்தது. அதற்கேற்ற எதிர்நடவடிக்கையும் அங்கே பிறந்தது. பெரிய பெரிய தளபதிகள் அந்தப் பெண்களிடம் ஆட்டத்தில் தோற்றுப்போய்ப் பாடம் கற்றுக்கொண்டு கடலுக்குத் திரும்பினார்கள்.

மே தொடக்கத்தில் ஓ.என்.எஸ். 5 என்ற மெதுவான கான்வாய் 13 கப்பல்களை இழந்தது, ஆனால் ஆறு நீர்மூழ்கிகள் அழிந்தன. அந்த மாதம் மொத்தம் 41. அவற்றில் ஒன்றில் டோனிட்ஸின் மகனும் இருந்தான். மே 24 அன்று டோனிட்ஸ் வட அட்லாண்டிக்கிலிருந்து நீர்மூழ்கிகளை விலக்கினார். போர் முடியும்போது ஜெர்மன் நீர்மூழ்கிகளில் போன சுமார் 40,000 பேரில் ஏறத்தாழ 30,000 பேர் உயிரோடு இல்லை.

இந்தியப் பெருங்கடலில் நீர்மூழ்கி ஆபத்து இருந்ததா?

இருந்தது. ஜப்பானிய நீர்மூழ்கிகளும், 1943 முதல் பினாங்கைத் தளமாகக் கொண்ட ஜெர்மன் நீர்மூழ்கிகளும் இங்கே திரிந்தன. மிகக் கொடியது 1944 பிப்ரவரி 12. மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கான்வாயில் கெடிவ் இஸ்மாயில் என்ற படைக் கப்பலை ஐ-27 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி மாலத்தீவு அருகே தாக்கியது. இரண்டு நிமிடத்துக்குள் மூழ்கியது. கிழக்கு ஆப்பிரிக்கப் படையினர், செவிலியர்கள் உட்பட ஏறத்தாழ 1,300 பேர் இறந்தார்கள். நீந்திக்கொண்டிருந்தவர்களுக்கு அடியிலேயே நீர்மூழ்கி பதுங்க, காவல் கப்பல்கள் அந்த இடத்திலேயே ஆழ்நீர்க் குண்டு போட்டன. கடைசியில் ஐ-27ஐ அழித்தார்கள். அந்த முடிவு சரியா என்று இன்றும் வாதிடுகிறார்கள். விட்டிருந்தால் அடுத்த கப்பல் போயிருக்கும் என்பதையும் மறுக்க முடியாது.

சென்னையைத் தாக்கிய எம்டன் நீர்மூழ்கிதானே?

இல்லை. பலரும் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கலாம். எம்டன் தண்ணீர் மேல் ஓடும் ஒரு இலகு ரகப் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் தனியாகப் போன வணிகக் கப்பல்களை ஒவ்வொன்றாகப் பிடித்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் அதை முடித்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி, துருப்புகளை ஏற்றிப்போன ஒரு பெரிய கான்வாய்க்குக் காவலாக அந்தப் பக்கம் வந்ததுதான்.

ஜப்பான் கான்வாய் நடத்தவில்லையா?

நடத்தியது, காலம் கடந்து, அரைமனதோடு. கான்வாய்க் காவலுக்கென்று ஒரு பெரிய தலைமையகத்தை 1943 நவம்பரில்தான் அமைத்தார்கள். அதற்குள் அமெரிக்கா அவர்களுடைய கப்பல் சங்கேதத்தைப் படித்துத் தன் நீர்மூழ்கிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஜப்பான் இழந்த வணிகக் கப்பல் டன்னில் பாதிக்கு மேல் நீர்மூழ்கிகளால்தான். டோனிட்ஸ் பிரிட்டனுக்குச் செய்ய நினைத்ததை அமெரிக்கா ஜப்பானுக்குச் செய்து முடித்தது.

இப்போதும் கான்வாய் உண்டா?

உண்டு. 1987-88இல் ஈரான்-ஈராக் போரின்போது குவைத் எண்ணெய்க் கப்பல்களை அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வளைகுடாவில் காவல் காத்து அழைத்துச் சென்றன. சோமாலியக் கொள்ளையர் தொல்லை பெருகிய பிறகு ஏடன் வளைகுடாவில் 2008 முதல் இந்தியக் கடற்படையும் வணிகக் கப்பல்களுக்குக் காவல் போகிறது. அங்கேயும் கப்பல்களை வேகத்தின்படிதான் குழு பிரித்தார்கள், வேகமானவை தனி, மெதுவானவை தனி.